கூறைக்குப் பக்கத்தில்

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து சேலைகளை அள்ளி அள்ளிக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தான் சஞ்சீவன். நப்தலின் உருண்டைகள் தரையில் விழுந்து ஓடின. ஒன்று உருண்டு வந்து பத்மாவதியின் கால்விரலில் முட்டி நின்றது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“அம்மா, இதுக்குள்ள இல்லை. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. எங்க வச்சனீங்கள்?”

“உதுக்குள்ளதான் கிடக்கும். தேடு.”

“எல்லாத்தையும் இறக்கிப்போட்டன். உங்கட கலியாணக் கூறை மட்டும்தான் கிடக்கு.”

கட்டிலின் ஓரத்தில் ஈவன் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக மாற்றாத அதே சாம்பல் நிற ஜம்பர். அழுது முடித்த முகமா, இனித்தான் அழப்போகிற முகமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று விடியற்காலையில்தான் அவன் மனைவி நிருஜா கண்ணை மூடியிருந்தாள். வயிற்றில் வந்த புற்றுநோய் ஒரு வருஷத்தில் அவளைத் தின்று தீர்த்துவிட்டது. முப்பத்தாறு வயது. பத்மாவதியின் ஒரே மகள், சஞ்சீவனின் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை தகனம். அன்று காலை பெண்கள் போய் அவளைக் குளிப்பாட்டி உடுத்த வேண்டும். என்ன உடுத்துவது என்பதில் சந்தேகத்துக்கு இடமே வைக்காமல் நிருஜா போயிருந்தாள். கலியாணத்துக்குக் கட்டிய அதே நீலச் சேலை. தோளில், அன்றைக்கு மாமியார் மாகிரட் குத்திவிட்ட அந்த நீளமான கட்டம் போட்ட கம்பளித் துணி. ஸ்கொட்லாந்துக்காரர்கள் டார்டன் என்கிறார்களே, அது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு கட்டமாம். இது ஈவனின் குடும்பத்துக் கட்டம்.

நீலச் சேலை ஈவனின் கையில் இருந்தது. துணி, பத்மாவதியிடம் இருக்க வேண்டும்.

“மாமி,” என்றான் ஈவன். நிருஜா சொல்லிக்கொடுத்த சொல். எட்டு வருஷமாக அவன் நாக்கில் அது ‘மாமீ’ என்று நீண்டே வந்தது. மற்றதை ஆங்கிலத்தில் கேட்டான். “கூறைக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாக நீங்கள் சொன்னதாக நிருஜா சொன்னாள்.”

பத்மாவதிக்கு ஆங்கிலம் விளங்கும். இந்த நாட்டுக்கு வந்து, ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி அடுக்கும் வேலையில் பதினாறு வருஷம் இருந்தவள். விளங்காதது போல மகனைப் பார்த்தாள்.

“போன வருஷம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கேக்க சாமான் எல்லாம் கராஜுக்குள்ள போனதெல்லே? அதோட போயிருக்கும்,” என்றாள்.

சொன்ன பிறகு தன் வாயே தன்னுடையதாகத் தெரியவில்லை அவளுக்கு. இரண்டு ஆண்களும் எழுந்து கராஜுக்குப் போனார்கள். வெளியே ஜூலை மாதக் குளிர்கால மழை லின்ஃபீல்ட் புறநகர் முழுவதையும் நனைத்துக்கொண்டிருந்தது.

துணி கராஜில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று உலகத்தில் பத்மாவதி ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தத் துணியை அவள் முதலில் பார்த்தது கலியாண மண்டபத்தில். புளொக்ஹவுஸ் பே கடற்கரையை அடுத்து ஒரு சின்ன மண்டபம். ஐயர் இல்லை, மேளம் இல்லை, தாலி இல்லை, கூறை இல்லை. டனீடினிலிருந்து வந்திருந்த மாகிரட், வெள்ளைத் தலையும் நடுங்கும் விரலுமாக, மணப்பெண்ணின் தோளில் அந்தக் கம்பளியைப் போட்டு ஒரு வெள்ளி ஊசியால் குத்தினாள். இன்றிலிருந்து நீ எங்கள் வீட்டுப் பெண் என்று அர்த்தமாம். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் புருஷன் குலசிங்கம்கூடத் தட்டினார். பத்மாவதி தலையிடி என்று சொல்லிச் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து நிருஜா அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“எங்கட வீடு ஒரே ஈரம் அம்மா. பூச்சி அரிச்சுப்போடும். உங்கட அலுமாரியில வையுங்கோ.”

மேசையில் விரித்தும் காட்டினாள். தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் இருட்டு நிறம். கிட்டப் போனால்தான் கரும்பச்சையும் கருநீலமும் அகலப் பட்டைகளாய்ப் பிரிந்தன. இடையில் கறுப்பு. பச்சையின் நடுவே நூலளவு மஞ்சள் கோடு, நீலத்தின் நடுவே அதேபோலச் சிவப்பு. இரண்டு முனையிலும் திரித்துவிட்ட குஞ்சம்.

“பாத்தீங்களே, நெடுக்க ஓடுற அதே கோடுகள்தான் குறுக்கவும் ஓடுது. பச்சை பச்சையைச் சந்திக்கிற இடத்தில மட்டும்தான் தனிப் பச்சை. நீலத்தைச் சந்திச்சா ரெண்டும் இல்லாத இன்னொரு நிறம்.”

“உன்ர அப்பர் கட்டுற சாரத்திலயும் உந்தக் கட்டம்தான் கிடக்கு. அதையும் தோளில குத்திக்கொண்டு போவன்.”

நிருஜா கோபிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்கட கூறையிலயும் கட்டம்தானே அம்மா?”

பத்மாவதியின் கூறை அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்டதுதான்.

“மாப்பிள்ளை வீட்டார் தாற சீலைதானே கூறை? இது மாகிரட் மாமி தந்தது. அவ தன்ர கலியாணத்துக்குப் போட்டது. அப்ப இதுதான் என்ர கூறை. உங்கட கூறைக்குப் பக்கத்தில வையுங்கோ. என்ன?”

“சரி, வை அதில,” என்றாள் பத்மாவதி.

மகளின் கார் தெருமுனை திரும்பியதும் பையைத் தூக்கி, உடுப்புத் தோய்க்கும் அறையில் பழைய துவாய்களுக்கு அடியில் செருகினாள். கூறைக்குப் பக்கத்தில் கம்பளியா? அவள் புத்திக்கு அது ஏறவில்லை.

அதோடு விட்டிருந்தால் துணி இன்றைக்கும் அங்கேயே கிடந்திருக்கும். சிநேகிதி அன்னபாக்கியத்தின் மகள் கம்சாயினிக்குக் கலியாணம் வந்தது. பொம்பிளை கூறை மாற்றிக்கொண்டு மணவறைக்கு வந்தபோது, பின்வரிசையில் யாரோ ஒருத்தி, “நிருஜாவுக்கு உந்தக் கரைச்சல் ஒண்டும் இருக்கேல்லை. போர்வையால மூடிக் கூட்டிக்கொண்டு போட்டினம்,” என்றாள். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. பத்மாவதியும் சிரித்தாள். தான் சிரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கட்டியிருந்த பட்டைக்கூட மாற்றாமல் கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டுவதற்கு அளவுகோல் தேவைப்படவில்லை. மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் துண்டு நேராக வந்தது. குஞ்சத்தை அறுத்துக் குப்பையில் போட்டாள். உள்ளே பழைய துவாய் வைத்து மடித்து, மெஷினில் ஓரம் அடித்தாள். அருமையான பிடிதுணி. கொதிக்கிற சட்டியை இறக்கினாலும் கை சுடாது. சிலதை அன்னபாக்கியத்துக்கும் கொடுத்தாள். அடுப்பில் கருகிப்போன ஒன்றை எறிந்தாள். வருஷங்கள் போயின. அது எதிலிருந்து வெட்டியது என்பதே அவளுக்கு மறந்துபோனது.

மறக்காதவள் ஒருத்தி இருந்தாள். போன மாதம், மருந்தின் மயக்கத்திலிருந்து விழித்த நேரத்தில், நிருஜா அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மா, அந்தத் துணி பத்திரமா கிடக்கோ?”

பத்மாவதிக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. “ஓம் பிள்ளை. கூறைக்குப் பக்கத்திலதான் கிடக்கு.”

“பக்கத்திலயோ?” நிருஜாவின் காய்ந்த உதடு விரிந்தது. “நீங்கள் எங்கயாவது கராஜுக்குள்ள போட்டிருப்பியள் எண்டெல்லோ நினைச்சனான்.”

“சீச்சீ. நான் அப்பிடிச் செய்வனே?”

அன்றிலிருந்து நிருஜாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அம்மாவைக் கண்டால் கண் சிரித்தது. எட்டு வருஷமாய் இருவருக்கும் நடுவில் நின்ற ஏதோ ஒன்று விலகிவிட்டது போல, தலையைக் கோதிவிடச் சொன்னாள், பழைய கதைகள் கேட்டாள். பத்மாவதி சொன்னாள். கோதினாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனாள். அந்த முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டே வந்தாள்.

இன்று காலையோடு அந்தச் சந்தர்ப்பமும் முடிந்துவிட்டது.

கராஜில் பெட்டிகள் நகரும் சத்தம் கேட்டது. பத்மாவதி குசினிக்குள் ஓடினாள். அடுப்புக்குப் பக்கத்துக் கொளுவியில் ஒரு பிடிதுணி தொங்கியது, இழுப்பறைக்குள் இன்னும் சில. எல்லாவற்றையும் பிடுங்கி, அரிசிச் சாக்கைத் தூக்கி அதற்கு அடியில் தள்ளினாள். மூச்சு வாங்கியது. கிடைக்கவில்லை என்று அவர்களே கைவிடட்டும். ஞாயிற்றுக்கிழமை வரை தாக்குப்பிடித்தால் போதும். பிறகு யார் கேட்கப் போகிறார்கள்?

வரவேற்பறையில் குலசிங்கம் சோபாவில் கிடந்தார். வந்தவர்கள் கையைப் பிடித்தபோதெல்லாம், “என்ர பிள்ளை போட்டுது,” என்ற ஒரே வசனத்தைச் சொன்னார். சாவீடு என்பதால் அடுப்பு மூட்டவில்லை. அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவர வேண்டும்.

அந்த முறை தவறாமல் மத்தியானம் கதவு திறந்தது.

“விலகுங்கோ, விலகுங்கோ! சட்டி கொதிக்குது!”

அன்னபாக்கியம். மழைக்கோட்டு நீர் சொட்ட, ஒரு பெரிய பருப்புச் சட்டியை இரண்டு காதிலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு கையிலும் கரும்பச்சை, கருநீலம், நூலளவு மஞ்சள்.

அன்னபாக்கியத்திடம் கொடுத்ததைப் பத்மாவதி நினைக்கவே இல்லை.

அதே நேரம் கராஜ் கதவைத் திறந்துகொண்டு ஈவன் வந்தான். முழங்கால் இரண்டிலும் தூசி. நடு அறையில் நின்றான். அவன் கண் சட்டியில் இல்லை, சட்டியைப் பிடித்த கைகளில் இருந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மெதுவாக முன்னால் வந்தான்.

“பாவம், பிள்ளை உதவிக்கு வருது,” என்றாள் அன்னபாக்கியம், கண் கலங்க. “ஹொட், ஹொட்! வித் கிளோத், தம்பி, வித் கிளோத்!” துணியோடு சேர்த்தே சட்டியை அவன் கையில் மாற்றினாள். “வெரி குட் கிளோத். பத்மாக்கா கட், பத்மாக்கா ஸ்டிச். எனக்கும் தந்தவ. எத்தினை வருஷம், பாருங்கோ, கை சுடாது.”

ஈவன் சட்டியோடு நின்றான். ஆவி அவன் முகத்தில் அடித்தது. யாரோ வழி விட்டார்கள். குசினிக்குள் போய், பலகைத் தட்டில் சட்டியை வைத்தான். துணி இரண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பத்மாவதி பின்னால் வந்து கதவைச் சாத்தினாள். அது ஒன்றுதான் அவளுக்குச் செய்யத் தோன்றியது.

“மிச்சம்?” என்றான் ஆங்கிலத்தில். சத்தம் உயரவில்லை.

அவள் அரிசிச் சாக்கைச் சரித்தாள்.

அவன் துண்டுகளைத் தட்டில் பரப்பினான். மஞ்சள் கோட்டுக்கு நேராக மஞ்சள் கோடு, சிவப்புக்கு நேராகச் சிவப்பு. எந்தத் துண்டை எதற்குப் பக்கத்தில் வைத்தாலும் கோடு பொருந்தியது. எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்றுதான் தெரியவில்லை. ஒன்றில் மஞ்சள்தூள் கறை. ஒன்றின் மூலை கருகி ஓட்டையாகியிருந்தது. எல்லாம் சேர்த்தும் ஒரு தோளுக்குப் போதவில்லை.

“குஞ்சம் இருந்த முனை? என் அம்மாவின் ஊசி குத்திய இடம் அதில்தான்.”

பத்மாவதி தலையை ஆட்டினாள். இல்லை.

அவன் கருகிய மூலையைப் பெருவிரலால் தடவினான். தூள் உதிர்ந்தது.

“நிருஜாவுக்குத் தெரியுமா?”

“இல்லை. நோ.”

“கூறைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தாதிகளிடமெல்லாம் சொன்னாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கடைசியில் அம்மா ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று சொன்னாள்.”

பத்மாவதி வாயைத் திறந்தாள். சாரி என்ற ஒரு சொல்தான் வந்தது. சூப்பர்மார்க்கெட்டில் ட்ரொலி யாரிலாவது முட்டினால் சொல்வாளே, அதே சொல். அதை வெளியே விடாமல் விழுங்கினாள். தமிழில் சொன்னால் அவனுக்கு விளங்காது. அல்லது விளங்கிவிடும்.

கதவு திறந்தது. சஞ்சீவன் தலையை நீட்டினான். “கிடைச்சதோ?”

ஈவன் சட்டென்று துண்டுகளை வாரி ஜம்பருக்குள் திணித்துக்கொண்டான்.

“இல்லை,” என்றான். “பூச்சி தின்றிருக்கும். விடு, சஞ்சீவ். துணி இல்லாமல் நீலச் சேலை மட்டும் வேண்டாம். மிஸஸ் குலசிங்கத்தின் கூறையே இருக்கட்டும்.”

சஞ்சீவன் அந்தப் பெயரைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பத்மாவதி கவனித்தாள். அதற்குப் பிறகும் கவனித்தாள். அன்றும் மறுநாளும், தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லும்போதும், ஐயருக்கு நேரம் கேட்கும்போதும், அவன் மறந்தும் மாமி என்று கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, இறுதிச்சடங்கு மண்டபத்தின் பின்னறையில் நிருஜா கிடந்தாள். சுவரெல்லாம் வெள்ளை, சுடுதண்ணீர்க் குழாய், மூலையில் ஒரு நீளமான கண்ணாடி. பெண்கள் பால் தொட்டு, அரப்பு வைத்து, குளிப்பாட்டினார்கள். பத்மாவதி வெள்ளைத் துணி முடிச்சை அவிழ்த்துக் கூறையை எடுத்தாள். நாற்பது வருஷத்துக்கு மேலாக மடிப்புக் கலையாத அரக்குச் சிவப்பு.

அன்னபாக்கியம் அவள் காதோரம் குனிந்தாள். “அக்கா, இது உங்கட கூறையெல்லே? இதைக் குடுத்தா, நாளைக்கு உங்களுக்கு என்னத்தைக் கட்டுறது?”

“எனக்கு எதையாவது சுத்திவிடுங்கோ.”

“அந்தப் பிள்ளை வேற ஏதோ கேட்டதெண்டு சஞ்சீவன் சொன்னான்...”

“அது கிடைக்கேல்லை,” என்றாள் பத்மாவதி. “தூக்குங்கோ, இடுப்பைத் தூக்குங்கோ.”

சுற்றினார்கள். சுற்றச் சுற்றச் சேலை மிஞ்சியது. அவ்வளவு மெலிந்திருந்தாள் பிள்ளை. கொய்யகத்துக்கு மடிப்புப் பிடிக்கத் தொடங்கிய பத்மாவதியின் விரல்களுக்குள் மடிப்பு நிறைந்து வழிந்தது. மகள் பிறந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது இதுதான். இந்தப் பெண்ணைக் கூறையில் பார்க்க வேண்டும். பார்த்தாள். பொட்டு வைத்தாள். “நல்ல வடிவு,” என்றாள் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பத்மாவதி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. வாசலில் ஈவன் நின்றான். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கில்ட், ஸ்கொட்லாந்து ஆண்களின் மடிப்புப் பாவாடை. அதே கரும்பச்சை, அதே கருநீலம். முன்பக்கம் சீராக, பின்பக்கம் அடுக்கடுக்காக மடிப்பு வைத்து, எங்கும் ஒரு கோடு தப்பாமல், ஒரு கறை இல்லாமல். பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். யாரோ அடக்கினார்கள்.

ஐயர் தருப்பையும் கையுமாக அவனை மேலும் கீழும் பார்த்தார். “வேட்டி கட்டோணுமே.”

“அவற்ற வேட்டி உதுதான் ஐயா,” என்றான் சஞ்சீவன்.

ஐயர் கொஞ்சம் யோசித்தார். “சரி, இடுப்பில துணி கிடக்குத்தானே. சேட்டைக் கழட்டச் சொல்லுங்கோ. குளிருக்குள்ள நிக்க வைக்கக் கூடாது, கெதியா முடிப்பம்.”

பிள்ளையில்லாதவளுக்குப் புருஷன்தான் கடமை செய்ய வேண்டும். வெற்று மார்பில் பூணூல் விழ, விரலில் தருப்பை ஏற, கால்மேல் கால் மடிக்கத் தெரியாமல் ஈவன் ஒருக்களித்து உட்கார்ந்தான். ஐயர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் உடைத்து உடைத்துத் திருப்பிச் சொன்னான். நிருஜாவின் பெயரை மட்டும் உடைக்கவில்லை.

பத்மாவதி எதிரே கீழே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணுக்கு நேரே அவனுடைய கில்ட்டின் கட்டங்கள் இருந்தன. பச்சை பச்சையைச் சந்திக்கிற இடம். நீலத்தைச் சந்திக்கிற இடம். நிருஜா சொன்ன அந்த மூன்றாவது நிறத்தை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். அதற்கு ஒரு பெயர் தேடினாள். கிடைக்கவில்லை.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். முதலில் ஈவன். அவன் அரிசியைப் போட்டுவிட்டு, பெட்டிக்குள் குனிந்து, மனைவியின் கையைச் சரிசெய்பவன் போலக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தலைமாட்டுப் பக்கம் விலகினான்.

அடுத்தது தாய். பத்மாவதி அரிசிக் கையோடு குனிந்தபோதுதான் கண்டாள். நிருஜாவின் உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டு. மெஷின் தையல் பிரித்து, உள்ளே இருந்த துவாய் எடுத்து, தோய்த்து, ஸ்திரிக்கை போட்டிருந்தான். தோய்த்தும் மஞ்சள் கறை போகவில்லை. கருகிய மூலை அப்படியே இருந்தது. நகத்தளவு ஓட்டை. அதன் வழியாகக் கூறையின் சிவப்புத் தெரிந்தது.

பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அடுத்து நிற்பவள் அன்னபாக்கியம். தான் நாளாந்தம் சட்டி இறக்கிய துணியை அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகாது.

பத்மாவதியின் கை தன்பாட்டில் போனது. கூறையின் முந்தானையை மெல்ல இழுத்து, அந்தக் கையையும் துணியையும் மூடியது. ஓரத்தை உள்ளே செருகியது.

நிமிர்ந்தாள். ஈவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கத்தில் மறைக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான். அது சரிதான். அது மட்டும்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அரிசியைப் போடுங்கோ அக்கா,” என்றாள் பின்னால் நின்ற அன்னபாக்கியம். அரிசி இன்னும் அவள் இடது கையிலேயே இருந்தது.

போட்டாள். பெட்டியை மூடினார்கள். தகனத்துக்கான பட்டனை அமத்தச் சொல்லி ஐயர் ஈவனின் கையைப் பிடித்துக் காட்டினார். திரை விலகியது, மூடியது. குலசிங்கம், “என்ர பிள்ளை போட்டுது,” என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் முழுகினார்கள். ஈவன் உள்ளே வரவில்லை. கில்ட்டின் மேல் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மழைக்குள் காருக்குப் பக்கத்தில் நின்றே சஞ்சீவனோடு கதைத்தான். சாம்பலில் பாதியை டனீடினுக்குக் கொண்டுபோகிறானாம். வேலையையும் அங்கேயே பார்க்கப் போகிறானாம். சஞ்சீவன் அவனைக் கட்டிப்பிடித்தான். குசினி யன்னலால் பத்மாவதி பார்த்தாள். கார் பின்னால் வந்து திரும்பியது. அவன் கண்ணாடியை இறக்கினான். யாருக்கோ கையைக் காட்டினான். யன்னல் பக்கம் பார்த்தானா என்பதை மழை மறைத்துவிட்டது.

“ஒரு வாய் தேத்தண்ணியாவது குடியுங்கோ அக்கா. நாளைக்கும் இருக்கோணுமெல்லே,” என்றாள் அன்னபாக்கியம்.

மூன்று நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. பால் காய்ந்துகொண்டிருந்தது. அன்னபாக்கியம் சீனிப் போத்தலைத் தேடினாள், கோப்பைகளைக் கழுவினாள், யாரோ கேட்டதற்குப் பதில் சொன்னாள். பத்மாவதி அடுப்புக்கு முன்னால் நின்றாள்.

“அக்கா, பால் பொங்குது! இறக்குங்கோ!”

பத்மாவதியின் கை பழக்கத்தில் பக்கத்துக் கொளுவிக்குப் போனது. கொளுவி வெறுமனே கிடந்தது.

கை அங்கேயே நின்றது. பால் விளிம்புக்கு ஏறி, ஒரு கணம் குவிந்து நின்று, நாலாபக்கமும் வழிந்து அடுப்பை நனைத்தது. நெருப்பு சுர்ரென்று அணைந்தது.